வழியனுப்புப் போர்வை

மூன்றாக மடித்து வைத்த போர்வை மறுநாள் காலையில் நான்காக மடிந்து கிடந்தது.

ஆர்டிஸ் காப்பிக் கோப்பையோடு மாடியில் வடக்கு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் மடித்தது மூன்றாகத்தான், அதில் சந்தேகமே இல்லை. பழைய போர்வையை ஒரே மடிப்பில் விட்டுவைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை இற்றுப்போகும். அதனால் எடுக்கும்போதெல்லாம் மடிப்பை மாற்றி வைப்பது டகோட்டாப் பண்ணைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பழக்கம். அறுபத்தைந்து வருஷமாக நான்காகக் கிடந்ததை முந்தைய நாள் சாயங்காலம்தான் மூன்றாக்கி, வளைவில் மடிப்பு விழாமலிருக்க ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தாள். அந்தத் துண்டு இப்போது தரையில், சுவரோரமாக, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"டெல்மர்! நீ மேல வந்தியா?" என்று படியை நோக்கிக் கத்தினாள்.

"நானா? அந்த ஐஸ் பெட்டிக்குள்ள எனக்கு என்ன வேலை?" கீழே சமையலறையிலிருந்து புருஷனின் குரல் வந்தது. "என் முட்டி படுற பாடு உனக்குத் தெரியாதா மகாராணி?"

"போர்வையை யாரோ மடிச்சு வச்சிருக்காங்க."

"யாரோ வந்து வேலை செஞ்சா விடேன். அப்படியே இந்தப் பாத்திரத்தையும் கழுவிட்டுப் போகச் சொல்லு."

ஆர்டிஸ் சிரித்துவிட்டாள். அறுபத்திரண்டு வயசில் மறதி வராமல் வேறென்ன வரும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் மூன்றாக மடித்தாள்.

போர்வை அவளிடம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா செல்மா எண்பத்தெட்டு வயசில் ஜனவரியில் செத்துப்போனாள். தரை பாறையாக உறைந்து கிடந்ததால் புதைக்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும் என்று, பெட்டியை ஊர்ச் சவக்கிடங்கில் வைத்திருந்தார்கள். அம்மாவின் பியானோ, வெள்ளிக் கரண்டிகள், கல்யாண மோதிரம், நீலப் பூப்போட்ட தட்டுகள் எல்லாம் தங்கை லவோனுக்குப் போய்விட்டன. அது ஊருக்கே தெரிந்த கதைதான். அம்மாவுக்கு லவோன் என்றால் உயிர். மூத்தவள் என்றால் வீட்டில் ஒரு கை கூடுதல், அவ்வளவுதான்.

அந்த லவோன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்டதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து, பழைய தலையணை உறைக்குள் திணித்த ஒன்றைச் சமையலறை மேஜையில் வைத்தாள்.

"உனக்குத்தான்க்கா இது. அம்மா உனக்குன்னே சொல்லிட்டுப் போனா."

"எனக்குன்னு சொன்னாளா?"

"உன் பேரைச் சொல்லித்தான் சொன்னா."

ஆர்டிஸ் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு தட்டைக் கழுவுவதுபோல் அழுதாள். அம்மா கடைசியில் தன்னை நினைத்திருக்கிறாள். அது போதும், வேறென்ன வேண்டும் என்று மனசு நிறைந்துபோயிற்று. லவோன் அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள், காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

உறைக்குள் இருந்தது வெள்ளைத் துணியில் பஞ்சு வைத்துச் சிவப்பு நூலால் பூவேலை செய்த போர்வை. பார்த்ததுமே ஆர்டிஸுக்கு அது வழியனுப்புப் போர்வை என்று தெரிந்தது. ஊரைவிட்டு ஒருத்தி போகிறாள் என்றால் சர்ச் மாதர் சங்கத்துப் பெண்கள் கூடித் தைப்பது. இருக்கிறவர்கள் ஒவ்வொருத்தியும் தன் கையால் தன் பெயரைச் சுற்றிலும் வளையமாகத் தைக்க வேண்டும். போகிறவளின் பெயர் நடுவில் வரும். அதை மட்டும் வேறு யாரும் தைக்கக்கூடாது. எல்லாரும் பார்த்திருக்க, போகிறவளே கடைசியாக உட்கார்ந்து தைப்பாள். நடுப்பெயர் முடிந்தால் விடைபெற்றாயிற்று என்று அர்த்தம். அப்புறம் ஒரு காப்பி, கொஞ்சம் அழுகை, அவ்வளவுதான்.

இதில் வளையத்தில் பதினாறு பெயர்கள். அம்மாவின் பெயரும் இருந்தது, கன்னிப்பெண் கையெழுத்தில், அடக்கமாக. வருஷம் 1921. நடுவில்தான் ஒன்றுமில்லை. பூமாலைக்குள் வெறும் ஊசி ஓட்டைகள்.

யாருடைய பெயர் என்று ஆர்டிஸ் மூளையைக் கசக்கவில்லை. அம்மாவுக்கு போர்கில்ட் என்று ஒரு அக்கா இருந்தாள், மொன்டானாவில் ஒருவனைக் கட்டிக்கொள்ளக் கிளம்பினாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் ஒருமுறை கேட்டதற்கு அம்மா ரொட்டிமாவை இன்னும் பலமாகக் குத்திக்கொண்டே, "போய்ட்டா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆர்டிஸ் போர்வையைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் கழுவினாள். குளியல் தொட்டியில் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் போர்வையைப் படுக்கவைத்து, கை பொறுக்கும் வெந்நீரும் மெல்லிய சோப்பும் விட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி. கசக்கக்கூடாது, பிழியக்கூடாது, ஈரத்தில் தனியாகத் தூக்கக்கூடாது. முதல் தண்ணீர் டிகாஷன் மாதிரி வந்தது. இரண்டாவதில் மண்ணெண்ணெய், கற்பூரம், காடி எல்லாம் கலந்த பழைய நோய்வீட்டு வாடை கிளம்பியது, அதற்கு அடியில் அழுகின பழத்தின் தித்திப்பு போல ஒன்று மூக்கின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஏழு தண்ணீர் மாற்றினாள். ஏழாவதில் தண்ணீர் தெளிந்தது, வாடை போகவில்லை.

விரிப்போடு சேர்த்துத் தூக்க டெல்மர் கை கொடுத்தான். "உஃப்தா! என்ன இது, உள்ள ஆளே படுத்திருக்கற கனம்?" என்று முனகினான். கீழ்த்தளத்தில் இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு நான்கு நாள் காயவைத்தார்கள். காய்ந்த பிறகும் கனம் குறையவில்லை. அதைவிட விநோதம் ஒன்று இருந்தது. தண்ணீர் பட்டால் நூல் ஊறி ஊசி ஓட்டை தானாக மூடிக்கொள்ளும், தைக்கிறவர்களுக்கு இது பாலபாடம். நடுவில் இருந்த ஓட்டைகள் ஒன்றுகூட மூடவில்லை. இப்போதுதான் ஊசியை உருவினாற்போல் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

வேறு யாராவது என்றால் ஓட்டையை ஓட்டையாகவே விட்டிருப்பார்கள். ஆர்டிஸால் முடியாது. கிழிந்ததைப் பார்த்தால் தைக்க வேண்டும், விட்டுப்போனதைப் பார்த்தால் நிரப்ப வேண்டும். அவளைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். பழைய ஓட்டையில் ஊசி விட்டால் துணிக்குப் புதுக்காயம் இல்லை, போன பெயரும் திரும்பி வரும். பாவம், பெரியம்மா பெயராவது இருக்கட்டுமே என்று நினைத்தாள். நல்ல மனசுதான். நல்ல மனசுக்குக் காலமில்லை.

மடிப்பு மாறிக் கிடந்ததற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. மத்தியானம் மூன்று மணி, டெல்மர் விதைக்கடையில் சீட்டாடப் போயிருந்தான், வெளியே வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசியது, அடுப்பில் பட்டாணி சூப் மெதுவாகக் கொதிக்கிற ஒலியும் சுவர்க்கடிகாரத்தின் ஒலியும் தவிர வீட்டில் வேறெதுவும் இல்லாத நேரத்தில், மாடியில், தலைக்கு நேர் மேலே, சர்ர்... என்று ஒரு இழுவை. கொஞ்சம் நின்றது. மறுபடி சர்ர். எலியாக இருக்கலாம், மரச்சுவர் குளிரில் சுருங்குவதாக இருக்கலாம் என்று வேறு எவளாவது சமாதானப்பட்டிருப்பாள். ஐம்பது வருஷம் ஊசி பிடித்தவளுக்கு அது என்ன என்று தெரியாமலா போகும்? பஞ்சின் கனத்தில் நூல் இழுபடுகிற சத்தம் அது. ஒரு தையல். மூச்சு வாங்க ஒரு நிமிஷம். அடுத்த தையல்.

கரண்டியைக் கையில் பிடித்தபடி மேலே போனாள். அறை காலி. சூடு வருகிற துளையை அடைத்துவைத்த அறை, ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம்கூடப் பனி பூத்திருந்தது. போர்வை கட்டிலில் விரிந்து கிடந்தது. அவள் விரிக்கவில்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருந்தது, யாரோ ஒருக்களித்துப் படுத்து எழுந்துபோன மாதிரி. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே தைக்க உட்கார்ந்தாள். பயம் வந்தால் கைக்கு வேலை கொடு என்பது அவள் வளர்ந்த விதம். போர்வையைக் கீழே கொண்டுவந்து, ஓரங்களைச் சுருட்டி நடு மட்டும் தெரியும்படி தையல் சட்டத்தில் பூட்டினாள். பெயரின் வலது கோடியில் துருக்கறை பட்டுத் துணி நைந்திருந்ததால், அந்தக் கோடியை முதலில் கெட்டிப்படுத்தலாம் என்று கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். காம்புத் தையல், சிவப்பு நூல், ஓட்டை விட்டு ஓட்டை. முடிந்தபோது அது ஆங்கில எஸ் என்று தெரிந்தது.

போர்கில்ட் எஸ்ஸில் முடிகிற பெயர் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் வேறு ஒன்று கவனத்தை இழுத்தது. வீடு அமைதியாகிவிட்டது. அந்தத் தித்திப்பு வாடை இல்லை. மூன்று நாளைக்கு மாடியில் சத்தம் இல்லை, போர்வை சட்டத்தில் பூட்டியபடியே கிடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் சர்ர் திரும்பியது. இந்தத் தடவை கூடவே மூச்சும். அடைத்த தொண்டை வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிற, ரம்பம் அறுக்கிற மூச்சு.

ஆர்டிஸ் அடுத்த எழுத்தைத் தைத்தாள். ஐ. வீடு இரண்டு நாள் சும்மா இருந்தது. டோரிஸா, பில்லிஸா, மேவிஸா, லோயிஸா என்று தைத்துக்கொண்டே தனக்குள் வேடிக்கை பார்த்தாள். சர்ச்சில் பாதிப் பெண்களுக்கு இந்த முடிவுதான். அதற்கு அடுத்தது டி. அது கொடுத்த அமைதி ஒரே நாள்.

சாப்பாட்டு மேஜையில் டெல்மரிடம் சொன்னாள். "அந்தப் பேரு என்னோடது மாதிரி வருது."

டெல்மர் தட்டைப் பார்த்தபடி வெண்ணெய் தடவினான். "ஊர்ல உன் ஒருத்திக்குத்தானா அந்தப் பேரு? பழைய காலத்துல எவளாவது இருந்திருப்பா. அவ பேரைத்தான் உனக்கு வச்சிருப்பாங்க."

"எனக்குப் பயமா இருக்கு டெல்மர். தூக்கிப் போட்டுடவா?"

"அம்மா கொடுத்ததைத் தூக்கிப் போடுறதா? நல்லா இருக்கே!" கத்தியை வைத்தான். "முடிச்சிடு மகாராணி. இன்னும் ரெண்டு எழுத்துதானே. முடிச்சா நிம்மதியா தூங்குவ."

எத்தனை எழுத்து மிச்சம் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. புருஷன் சொன்னானே என்று கொஞ்சம் தைரியம்தான் வந்தது.

மறுநாள் காலையில் வானம் பால் நிறத்தில் தொங்கியது. பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டேயிருந்தது. லவோன் வீட்டில் சூட்டடுப்பு மக்கர் பண்ணுகிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று டெல்மர் பிக்அப் வண்டியை எடுத்தான். ஏழு மைல் தூரம். "புயலுக்கு முன்னாடி வந்துடு" என்று அவள் பின்வாசலில் நின்று சொன்னதற்கு, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் தூக்கினான்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் மேலே மூச்சு ஆரம்பித்தது. இந்தத் தடவை விட்டுவிட்டு இல்லை. நிற்காமல், இழுத்து இழுத்து, சுவர்களுக்குள் பாய்ந்து, சமையலறைத் தட்டுகளில் லேசாக அதிர்ந்து. ஆர்டிஸ் காதைப் பொத்தினாள். பாட்டுப் பாடினாள். ஒன்றும் நடக்கவில்லை. போய்ப் போர்வை முன் உட்கார்ந்து அடுத்த எழுத்தைத் தைத்தாள். ஆர். மூச்சு நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாக ஒரு மணி நேரம். மறுபடியும் தொடங்கியது.

சமையலறைச் சுவர்ப் போனில் லவோனைக் கூப்பிட்டாள்.

"லவோன், நம்ம குடும்பத்துல எனக்கு முன்னாடி ஆர்டிஸ்னு யாராவது இருந்தாங்களா? இந்தப் போர்வையில நடுவுல..."

 தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை எழுத்து ஆச்சு?"

 "என்னடி கேட்ட?"

"எத்தனை தச்சு முடிச்சேக்கா?"

"நாலு."

லவோன் அழ ஆரம்பித்தாள். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு, அடி அக்காவுக்கு விழும்போது அழுவாளே, அதே அழுகை. அழுகைக்கு நடுவே எல்லாம் வந்தது. போர்கில்ட் பெரியம்மா மொன்டானா போகவே இல்லை. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றுகிற தொண்டை அடைப்பான் நோய் கண்டது. ஊரில் குழந்தைகள் இருந்தார்கள். பதினாறு பெண்களும் கூடிப் பேசி, அவளைக் கோடையில் சமைக்கிற கொட்டகையில் போட்டு, போர்வையையும் ஊசிநூலையும் உள்ளே கொடுத்து, வெளியே தாழ் போட்டார்கள். தாழ் போட்டது அம்மா.

"மூணு நாள் உள்ள மூச்சு கேட்டுதாம். நாலாம் நாள் கதவைத் திறந்தா நடுவுல பேரு தச்சிருந்துதாம். அம்மாதான் அதைப் பிரிச்சு எடுத்தா. விடைபெத்துப் போனா சொர்க்கத்துல போய்ச் சொல்லிடுவாளோன்னு பயம்."

"போர்வையை எரிச்சிருக்கலாமேடி!"

"நல்ல போர்வையாச்சேக்கா. யாருக்கும் மனசு வரல."

இவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படிச் சொல்ல வாய் வராது. பெண்ணைக் கொல்ல மனசு வந்தது, பஞ்சையும் துணியையும் வீணடிக்க மனசு வரவில்லை.

"அன்னையிலேருந்து அது அம்மாவை விடவே இல்ல. நான் செத்ததும் என் மகள் ஒருத்தியை உன்கிட்ட அனுப்புறேன்னு அம்மா வாக்குக் கொடுத்தா. அப்புறம்தான் அது அவளைத் தூங்க விட்டுது. சுத்திப் பேரு தச்சிருக்கறவரைக்கும் அவங்களை அது தொடாது. நடுவுல இருக்கறவளைத்தான். ஆனா அவளே தைக்கணும்."

"ஓட்டை?"

"அம்மா சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. என்னைப் பக்கத்துல உக்காரவச்சுக் குத்தச் சொன்னா. உன் பேரை." லவோன் மூக்கை உறிஞ்சினாள். "அவ ஓட்டையைப் பாத்தா சும்மா இருக்க மாட்டா, தச்சிடுவான்னு சொன்னா."

பெற்றவள் மகளை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்! அறுபத்திரண்டு வருஷத்தில் அம்மா தன்னைக் கவனித்ததே இல்லை என்றல்லவா ஆர்டிஸ் நினைத்திருந்தாள்.

"ஏண்டி நானு?"

"எனக்குப் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இருக்காங்கக்கா. உனக்கு..." 

உடன்பிறந்தே கொல்லும் வியாதி என்பது இதுதான். ஆர்டிஸுக்குக் கோபம்கூட வரவில்லை. முதுகைத் தடவிய அந்தக் கை மட்டும் இன்னும் முதுகில் இருப்பதுபோல் எரிந்தது. "டெல்மர்கிட்ட போனைக் கொடு" என்றாள். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆணின் மூச்சு கேட்டது.  யாரோ போனை வைத்துவிட்டார்கள்.

மேலே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

பிரித்துவிடலாம். இன்னும் ஓர் எழுத்து, முதலில் வருகிற ஏ மட்டும், மிச்சமிருக்கிறது. அதைத் தைக்க மாட்டாள், தைத்த நாலையும் பிரித்துவிடுவாள். அவ்வளவுதானே? சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு சட்டத்திடம் போனாள். சட்டம் காலி. போர்வை அதில் இல்லை.

மாடியில் இருந்தது. வடக்கு அறைக் கட்டிலில், கழுத்துவரை இழுத்துப் போர்த்தின மாதிரி, மேடு தட்டி. ரம்ப மூச்சுக்கு ஏற்ப அந்த மேடு ஏறி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே உலகம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி வெளிச்சம் பனியில் பட்டு அறையெல்லாம் சாம்பலாகப் பரவியிருந்தது. ஆர்டிஸ் கட்டிலருகே மண்டியிட்டாள். விளிம்பைப் பிடித்தாள். மேட்டைப் பார்க்காமல் பெயர்களை மட்டும் பார்த்தாள்.

பதினாறு இல்லை. பதினெட்டு.

ஓல்காவுக்கும் தோராவுக்கும் இடையில் ஒரு புதுப்பெயர். லவோன். நூல் பளபளவென்று, பின்பக்கம் சாய்ந்த இடதுகைத் தையல். போன வியாழக்கிழமை ஆர்டிஸ் மாதர் சங்கத்துக்குப் போயிருந்தபோது தங்கை வந்திருக்கிறாள். சரி. அதை ஆர்டிஸ் எதிர்பார்த்தாள்.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

எழுத்து ஒவ்வொன்றும் ஒரு உயரம். நூல் இரட்டையாக, முறுக்கிக்கொண்டு. முடிச்சு மேல்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. பொத்தான் தைக்கத் தெரியாத கை. நாற்பது வருஷமாக எந்தச் சட்டைக்கு அவள் பொத்தான் தைத்தாளோ, அந்தச் சட்டைக்காரனின் கை. உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலில் குத்திக்கொண்டு, ஆறு எழுத்தையும் பொறுமையாகத் தைத்திருக்கிறான்.

டெல்மர்.

"ஐயோ" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அம்மா செய்தாள், தங்கை செய்தாள். நீயுமா? நீயுமா டெல்மர்? நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வோமே, அது கழுத்தில் இல்லை, அதற்கும் கீழே, நெஞ்சுக்கூட்டின் நடுவில் வலித்தது.

கத்தரியை எடுத்தாள்.

தன் பெயரை அல்ல. அந்த முடிச்சை.

ஒரே வெட்டு. கத்துக்குட்டித் தையல், இழுத்த இழுப்பில் வந்தது. ஆர். இ. எம். மூச்சு மெதுவாகியது. எல். இ. மேடு அசைந்து அவள் பக்கம் திரும்பியது. டி. சிவப்பு நூல் மடியில் சுருண்டு கிடந்தது. ஓட்டைகள் கண்ணெதிரே மூடிக்கொண்டன. ஒவ்வொன்றாக. சுத்தமாக.

மூச்சு நின்றுவிட்டது.

ஆர்டிஸ் லவோனின் பெயரில் கத்தரி முனையை வைத்தாள். போர்வை அவள் கையிலிருந்து நழுவியது. கட்டிலைவிட்டு இறங்கியது. கனமாக. காலடி சத்தம் இல்லை, துணி தரையில் இழுபடுகிற சத்தம் மட்டும். வாசல். நடை. படி, படியாக, கீழே. எப்போதும்போல லவோன் தப்பித்துக்கொண்டாள்.

வெளியே வண்டிச் சத்தம்.

ஆர்டிஸ் ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டினாள். கீழே பின்முற்றத்தில் பிக்அப் கோணலாக நின்றது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தபடி கிடந்தது. டெல்மர் தொப்பிகூட இல்லாமல் இறங்கி ஓடி வந்தான், முட்டிவலிக்காரன், பனியில் விழுந்து எழுந்து. வாய் அசைந்தது. தைக்காதே என்று கத்தினானா? முடிந்ததா என்று கேட்டானா? காற்று சொல்லவிடவில்லை.

பின்வாசலிலிருந்து அது இறங்கியது. மேலேயிருந்து பார்க்க முதுகுதான் தெரிந்தது. தலையோடு போர்த்திய வெள்ளைப் போர்வை. ஆர்டிஸின் உயரம். அவள் நடை.

டெல்மர் பார்த்தான். நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நாற்பது வருஷத்தில் அவள் பார்க்காதது.

"மகாராணி!"

அது மட்டும் கேட்டது.

ஆர்டிஸ் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

கீழே, கொட்டுகிற பனியில், போர்வை இரண்டு பக்கமும் அகல விரிந்தது. குளிரில் வந்தவனை அணைத்துக்கொள்ள விரிக்கிற மாதிரி. டெல்மர் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, உள்ளே போனான்.